விட்ட இடத்திலிருந்து தொடங்க எந்த விமானக் கிட்?

பள்ளிக்கூட நாட்களில் பிளாஸ்டிக் விமானம் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு, படிப்பு, வேலை, குடும்பம் என்று இருபது முப்பது வருடம் அந்தப் பக்கமே போகாதவர்கள் திடீரென்று ஒருநாள் திரும்பி வருவார்கள். வந்ததும் செய்கிற முதல் காரியம் ஒரு கிட், அதாவது நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்கள் அடங்கிய ஒரு பெட்டி, வாங்குவதுதான். பலர் அந்த முதல் பெட்டியிலேயே சறுக்கிவிடுகிறார்கள். பெட்டி பாதியில் நின்று அலமாரிக்குப் போகும். "நமக்கு இனிமேல் பொறுமை இல்லை" என்று ஒரு முடிவும் கூடவே வந்துவிடும்.

எனக்கும் அதுதான் நடந்தது. சின்ன வயதில் கிடைக்காததையெல்லாம் சேர்த்து வாங்குவதுபோல 1/32 அளவில், அதாவது அசலில் முப்பத்திரண்டில் ஒரு பங்காக, ஒரு பெரிய சண்டை விமானம் வாங்கினேன். எஞ்சின் உள்ளே தெரியும், மூடிகள் திறக்கும், விமானி அறையில் ஒவ்வொரு விசைக்கும் தனிப் பாகம். கிட்டில் ஒரு குறையும் கிடையாது. மூன்று மாதம் விமானி அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். உடலின் இரண்டு பாதிகளையும் சேர்க்கும் நாள் வரவே இல்லை. தவறு முழுக்க என்னுடையது. எனக்கு என்ன வரும், என்ன வராது என்று யோசிக்காமல், எனக்கு என்ன பிடிக்கும் என்பதை மட்டும் பார்த்து வாங்கியிருந்தேன்.

பறக்கும் மாடல்களைப் பற்றி இங்கே பேசவில்லை. பால்சா மரத்தில் கட்டி ரப்பர் முறுக்கிப் பறக்கவிடுவதும், ரேடியோ கட்டுப்பாட்டு நுரை விமானமும் வேறு கணக்கு. அங்கே கேள்வி எடையும் மைதானமும். இங்கே பேச்சு மேசையில் நிற்கப் போகிற பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் விமானம் பற்றி மட்டும்.

நான் இரண்டாம் முறை தொடங்கியபோது கண்டுகொண்ட விஷயம் ஒன்று. பாகத்தை வெட்டி, தேய்த்து, ஒட்டுகிற வேலை ஒரே சாயங்காலத்தில் கைக்குத் திரும்பிவிடுகிறது. சைக்கிள் மாதிரிதான். அதுவும் இப்போதைய பசை பழைய டியூப் பசைபோல நூல்நூலாக இழுக்காது. பச்சை மூடி போட்ட டமியா நிறுவனத்தின் மெல்லிய பசை மாதிரியானவற்றைத் தூரிகையால் இடுக்கில் தொட்டால் போதும், தானாக ஓடி இணைப்பு முழுவதும் பரவிவிடும். திரும்பி வராதது வண்ணம் அடிக்கிற கை. சொல்லப்போனால் பலருக்கு அந்தக் கை அப்போதும் இருந்ததில்லை. பத்து வயதில் தடித்தடியாக எனாமல் பூசிவிட்டு அதையே அழகு என்று நினைத்தோம். இன்று உலகத்தின் மிகச் சிறந்த மாடல்காரர்கள் செய்ததைத் தினமும் திரையில் பார்க்கிறோம். கண் வளர்ந்துவிட்டது, கை பத்து வயதிலேயே நிற்கிறது. திரும்பி வருகிறவரைத் துரத்தியடிப்பது இந்த இடைவெளிதான்.

அதனால் முதல் கிட்டை நான் அளக்கிற கோல் இது: ஒட்டுகிற வேலையை அந்தக் கிட் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், நம் கவனம் முழுவதும் வண்ணத்துக்கு மிஞ்ச வேண்டும், அந்த வண்ணமும் எளிதாக இருக்க வேண்டும். இந்தக் கோலோடு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சின்ன வயதுப் பெட்டி

முதலில் மனம் ஓடுவது இதற்குத்தான். அன்று செய்த அதே கிட், அதே பெட்டி ஓவியம். இது கிடைக்கவும் செய்கிறது. பிரிட்டிஷ் நிறுவனமான ஏர்ஃபிக்ஸ் தன் பழைய அச்சுகளில் வார்த்தவற்றை 'வின்டேஜ் கிளாசிக்ஸ்' என்று பெயர் போட்டே விற்கிறது. அதை நேர்மையான காரியம் என்று சொல்வேன், ஏனென்றால் பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. ரெவெல் நிறுவனத்தின் பெட்டிகளிலும் மோனோகிராம் என்ற நிறுவனத்தின் பழைய அச்சுகள் புதுப் படத்தோடு வந்துகொண்டே இருக்கின்றன.

பழைய அச்சு என்றால் என்ன சிக்கல்? எஃகு அச்சு தேயத் தேய இரு பாதிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் கசிந்து பாகத்தின் ஓரத்தில் மெல்லிய தகடாக நிற்கும். ஒவ்வொரு பாகத்திலும் அதைச் சீவ வேண்டும். இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே இடைவெளி விழும். பட்டி பார்த்து, காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். இங்கேதான் பெரிய தொல்லை. அந்தக் காலத்து விமானங்களில் தகட்டு இணைப்புக் கோடுகள் புடைத்து நிற்கும். இணைப்பைத் தேய்க்கும்போது கோடும் சேர்ந்து போய்விடும். போனதை மறுபடி கீறுவது தனிக் கலை. இப்போதைய அச்சுகளில் கோடுகள் குழிந்து இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

அசல் பழைய பெட்டியையே, அதாவது அந்தக் காலத்தில் வார்த்ததையே, யாரிடமாவது வாங்கினால் இன்னும் இரண்டு சிக்கல். டெக்கால், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற சின்னங்களும் எழுத்துகளும், மஞ்சளித்திருக்கும், தண்ணீரில் போட்டதும் அப்பளம்போல நொறுங்கவும் செய்யும். வினைல் டயர்கள் சில வருடங்களில் தங்களைத் தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை இளக்கித் தின்றிருக்கும். பெட்டியைத் திறந்தால் சக்கரம் பதிந்த பள்ளம் ஒன்று இறக்கையில் இருக்கும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெட்டியைத் திறந்ததும் வருகிற அந்தப் பழைய சந்தோஷத்தை வேறு எந்தக் கிட்டும் தராது. வாங்குங்கள், வாங்கி வையுங்கள். இதை மூன்றாவதாகச் செய்தால் சீவுவதும் பட்டி பார்ப்பதும் விளையாட்டாகத் தெரியும். முதலில் செய்தால் தண்டனை.

அளவு: கண்ணைக் கேட்டு முடிவுசெய்ய வேண்டியது

விமான மாடலில் நான்கு அளவுகள் அதிகம் புழங்குகின்றன: 1/144, 1/72, 1/48, 1/32. வினோதமான இந்த எண்கள் அடி, அங்குலக் கணக்கிலிருந்து வந்தவை. ஆறு அடியை ஓர் அங்குலமாக்கினால் 1/72. ஓர் அடியைக் கால் அங்குலமாக்கினால் 1/48.

எண்ணை வைத்து மனதில் படம் வராது. இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் சண்டை விமானமான ஸ்பிட்ஃபயரை எடுத்துக்கொள்ளுங்கள். அசலில் அதன் இறக்கை வீச்சு 11.23 மீட்டர். 1/72-இல் அது 15.6 சென்டிமீட்டர், உள்ளங்கையில் நிற்கும். 1/48-இல் 23.4 சென்டிமீட்டர். 1/32-இல் 35 சென்டிமீட்டர், அதற்கு அலமாரியில் தனித் தட்டு வேண்டும். ஆனால் நான் பார்க்கச் சொல்வது இறக்கையை இல்லை, விமானியை. 175 சென்டிமீட்டர் உயர ஆள் 1/72-இல் 24 மில்லிமீட்டர். 1/48-இல் 36. 1/32-இல் 55. 1/144-இல் 12 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஓர் அரிசியின் இரட்டிப்பு. அந்த ஆளுக்கு முன்னால் இருக்கும் கருவிப் பலகையையும் அவர் தோளில் இருக்கும் பட்டையையும் நீங்கள் வண்ணம் அடிக்கப் போகிறீர்கள்.

இங்கே வெள்ளெழுத்து வந்து குறுக்கே நிற்கிறது. பன்னிரண்டு வயதில் மூக்கருகே வைத்துப் பார்த்த கண் இப்போது ஒரு முழம் தள்ளி வைத்தால்தான் பார்க்கிறது. தலையில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடியும் வெள்ளை வெளிச்சம் தருகிற நல்ல விளக்கும் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். அவற்றைக் கிட்டுக்கு முன்னாலேயே வாங்கிவிடுங்கள். மீதிப் பாதிக்கு 1/48 உதவும். நாற்பதைத் தாண்டியவருக்கு 1/72-க்கும் 1/48-க்கும் இடையில் உள்ள வித்தியாசம் மேசையில் அது பிடிக்கிற இடத்தைப் பற்றியதல்ல. சாமணத்தில் பிடித்த பாகம் தெரிகிறதா, தெரியவில்லையா என்பதுதான்.

1/72-க்குச் சாதகமாகவும் நிறையச் சொல்லலாம். பாகங்கள் குறைவு, வேலை சீக்கிரம் முடியும், கெட்டுப்போனாலும் மனம் பெரிதாகப் பதறாது. நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம்தான் பிடிக்கும் என்றால் வேறு வழியும் இல்லை. பி-17 அசலில் 31.6 மீட்டர் வீச்சு. 1/72-இலேயே 44 சென்டிமீட்டர் வந்துவிடுகிறது. அதையே 1/48-இல் செய்தால் 66 சென்டிமீட்டர், வீட்டில் இருக்கிறவர்களிடம் அனுமதி வாங்க வேண்டிய அளவு.

1/144 சுலபம் என்று நினைத்து அதில் பயணிகள் விமானம் வாங்குகிறவர்கள் உண்டு. பாகங்கள் குறைவு என்பது உண்மை. ஆனால் பயணிகள் விமானம் பெரும்பாலும் பளபளக்கும் வெள்ளை. பளபளக்கும் வெள்ளைபோல ஒரு தூசியையும் ஓர் இணைப்புக் கோட்டையும் காட்டிக்கொடுக்கிற வண்ணம் இன்னொன்று இல்லை. உடல் நெடுக ஓடுகிற இணைப்பைச் சுவடு தெரியாமல் மறைப்பதற்குள் ஆர்வம் போய்விடும்.

1/32 பற்றி என் கதையே போதும். ஒன்றே ஒன்றைச் சேர்க்கிறேன். பெரிய அளவில் பாகங்கள் பெரிதாக இருக்கும், ஆகவே சுலபம் என்று ஒரு வாதம் உண்டு. பாகங்கள் பெரிதாக ஆவதில்லை, எண்ணிக்கையில் பெருகுகின்றன. 1/72-இல் ஒரே துண்டாக வார்த்திருக்கும் எஞ்சின் 1/32-இல் ஐம்பது துண்டாக வரும். டமியாவின் 1/32 ஸ்பிட்ஃபயர் மார்க் 9 வகைக் கிட்டில் எஞ்சின் மூடியைக் கழற்றி மாட்டக் காந்தங்களே கொடுத்திருக்கிறார்கள். அற்புதமான வேலைதான். கை நன்றாகத் திரும்பிய பிறகு செய்யலாம்.

எந்த விமானம்? வண்ணத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

கடையில் நிற்கும்போது நாம் தேர்ந்தெடுப்பது பெயரை. ஸ்பிட்ஃபயர், மஸ்டாங், ஸீரோ, மெஸ்ஸர்ஷ்மிட், எல்லாம் இரண்டாம் உலகப் போரின் சண்டை விமானங்கள். பெயரை ஒரு நிமிடம் மறந்துவிட்டு, பெட்டியின் பின்பக்கம் உள்ள வண்ணப் படத்தைப் பாருங்கள். எத்தனை வண்ணம், எல்லைகள் எப்படி, விமானி அறைக்கு மேல் இருக்கும் முகட்டுக் கண்ணாடியில் எத்தனை சட்டம். இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால் அந்த விமானம் உங்களை எத்தனை வாரம் அழவைக்கும் என்பது தெரிந்துவிடும்.

மஸ்டாங்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் திரும்பி வருகிறவர்களை அதிகம் ஏமாற்றுவது அதுதான். பி-51டி-யின் குமிழ்க் கண்ணாடியில் சட்டம் அநேகமாக இல்லை, வண்ணம் படக்கூடாத இடத்தை மூடும் மறைப்பு நாடா ஒட்டுவது ஐந்து நிமிட வேலை. வடிவமும் நேரானது. ஆனால் மக்கள் விரும்புகிற மஸ்டாங் வெள்ளியாக மின்னுவது. வெற்று உலோக நிறம் கொண்டுவருவது மாடல் கலையின் கடினமான பாடங்களில் ஒன்று. அடியில் கண்ணாடி மாதிரி வழவழப்பு வேண்டும், உப்புத்தாள் விட்ட ஒரு கீறல்கூட மேலே எழுந்து தெரியும். அசல் விமானத்தில் உடல்தான் வெற்று உலோகம். இறக்கையில் இணைப்புகளை நிரப்பிச் சமன்செய்து வெள்ளி வண்ணம் பூசியிருந்தார்கள். ஆக ஒரே மாடலில் இரண்டு விதமான வெள்ளி. இது தெரிந்த பிறகு சும்மா விடவும் மனம் வராது. 1944 ஜூனில் நார்மண்டி படையிறக்கத்துக்காக அடித்த கருப்பு வெள்ளைப் பட்டைகள் உள்ள விமானமாக இருந்தால் மறைப்பு நாடா வேலையும் சேரும்.

மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் பிற்காலத்து வகைகளில் உடலின் பக்கங்களில் புள்ளிபுள்ளியாக மங்கலான திட்டுகள் இருக்கும். வண்ணத்தைக் காற்றழுத்தத்தில் தெளிக்கும் ஏர்பிரஷ் பழகியவருக்கு அது சந்தோஷம். ஏர்பிரஷ் இல்லாதவருக்குப் பெரும் பாடு.

ஸ்பிட்ஃபயர் நடுவில் நிற்கிறது. போரின் தொடக்க வருடங்களில் மேலே அடர் பச்சையும் மண் பழுப்பும், கீழே ஒரே வெளிர் நிறம். இரண்டு வண்ணமும் வளைந்து வளைந்து சந்திக்கும். ஒட்டும் களிமண்ணைக் கயிறுபோல உருட்டி எல்லையில் வைத்துவிட்டு அடித்தால் அந்த வளைவு நன்றாக வரும். தூரிகையால் அடித்தாலும் பார்வைக்கு மோசமில்லை, ஏனென்றால் இரண்டும் மங்கிய நிறம், அடுத்தடுத்து நிற்கும்போது கோடுகளை மன்னித்துவிடும். கண்ணாடியில் சட்டங்கள் குறைவு. ஒரு தொல்லை, சக்கரக் கால்கள் மெலிந்தவை, நெருங்கி நிற்பவை. கோணம் கொஞ்சம் பிசகினாலும் விமானம் காலை அகட்டிக்கொண்டு நிற்பது தெரியும்.

ஸீரோ வண்ணத்தில் மிகச் சுலபம். 1941 டிசம்பரில் முத்துத் துறைமுகத்தைத் தாக்கியபோது இருந்த ஏ6எம்2 வகை தலை முதல் வால் வரை ஒரே வெளிர் சாம்பல், எஞ்சின் மூடி மட்டும் கருப்பு. அந்தச் சாம்பலில் எவ்வளவு பச்சை, எவ்வளவு பழுப்பு என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது. அது நமக்கு நல்லதுதான், நீங்கள் அடித்ததைத் தவறு என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. இதன் விலையைக் கண்ணாடி வாங்கிக்கொள்கிறது. ஸீரோவின் முகட்டில் சட்டத்துக்கு மேல் சட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் நாடா வெட்டி ஒட்டுவது ஓர் இரவு வேலை. முன்கூட்டியே வெட்டிய மறைப்புத் தாள் தனியாக விற்கிறது. ஸீரோ வாங்கினால் அதையும் சேர்த்தே வாங்குங்கள், இதில் வீம்பு வேண்டாம்.

என் கணக்கில் முதலிடம் யாரும் கேட்காத ஹெல்கேட்டுக்கு. குண்டான உடல், கவர்ச்சியில்லாத முகம். ஆனால் 1944-இல் அமெரிக்கக் கடற்படை தன் சண்டை விமானங்களை முழுக்க ஒரே பளபளப்பான கடல் நீலத்துக்கு மாற்றியது. அதன்பின் வந்த எஃப்6எஃப்-5 விமானங்களில் மேலே, கீழே, பக்கம் எல்லாம் அந்த ஒரே நீலம்தான். இதில் இரண்டு ஆதாயம். முதலாவது, ஏர்பிரஷ் வேண்டாம், ஒரு ஸ்ப்ரே டப்பாவில் வேலை முடியும். இரண்டாவது, பளபளப்பு மேலேயே டெக்கால் ஒட்டலாம். மங்கிய வண்ணத்தின் மேல் டெக்கால் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி வெள்ளியாகத் தெரியும். அதைத் தவிர்க்க வழக்கமாகப் பளபளப்புப் பூச்சு ஒன்று அடித்து, டெக்கால் ஒட்டி, பிறகு மங்கல் பூச்சு அடிப்பார்கள். ஹெல்கேட்டில் முதல் பூச்சு தேவையே இல்லை. கால்கள் தடித்து அகன்று நிற்பவை. வட்ட எஞ்சின் மூடிக்குள் ஒளிந்துவிடுவதால் அதில் செய்கிற பிழை நமக்கு மட்டும்தான் தெரியும். அசலின் வீச்சு 13.06 மீட்டர், 1/48-இல் 27 சென்டிமீட்டர், கையில் எடுத்தால் ஒரு பொருள் என்று தோன்றுகிற அளவு.

ஸ்ப்ரே டப்பா என்றதும் ஒரு பொறியைச் சொல்லிவிட வேண்டும். டமியாவில் விமான நிறங்களுக்கு ஏ.எஸ். என்ற வரிசையும், பொதுவான நிறங்களுக்கு டி.எஸ். வரிசையும் உண்டு. பி.எஸ். என்று மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. பாலிஸ்டைரீனைத்தான் சுருக்கி பி.எஸ். என்று போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். அது ரேடியோ கார்களின் பாலிகார்பனேட் மேல்கூட்டுக்கானது, நம் பிளாஸ்டிக்குக்கு ஆகாது.

ஜெட் பிரியர்களுக்கு வருகிறேன். ஜெட்டில் முன்னால் சுழலும் விசிறி இல்லை, ஆனால் காற்று நுழைகிற குழாயின் உள்ளே இணைப்புக் கோடு இருக்கும், விரல் போகாது. பின்னால் எரிந்த உலோக நிறம். இறக்கைக்கடியில் தொங்குகிற ஒவ்வொரு ஏவுகணையும் தனியாக ஒட்டி, தனியாக வண்ணமடித்து, தனியாக டெக்கால் வைக்க வேண்டிய ஒரு குட்டி மாடல். ஃபேண்டம் மாதிரி ஒன்றில் எச்சரிக்கை எழுத்து டெக்கால்களை மட்டும் ஒட்டவே பல மாலைகள் ஆகும். ஜெட்தான் வேண்டும் என்றால் 1/72 எஃப்-16 நல்ல தொடக்கம். மென்மையாக மாறுகிற இரண்டு மூன்று சாம்பல், கண்ணாடியோ சட்டமில்லாத குமிழ். ஏவுகணைகளில் பாதியைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம், வெறுங்கையோடு பறக்கிற நாட்களும் விமானத்துக்கு உண்டு.

இரட்டை இறக்கை விமானத்தின் அழகை மறுக்கவில்லை. கம்பிக்குப் பதில் நூல் கட்டுகிற வேலை இருக்கிறது. முதல் கிட்டுக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

பெட்டியின் மேல் இருக்கும் பெயரை எவ்வளவு நம்பலாம்

இப்போது எந்த நிறுவனம். டமியாவின் கிட்கள் ஒன்றுக்கொன்று பொருந்துவதில் பெயர்பெற்றவை. ஜப்பானின் ஷிஸுவோகாவில் இருக்கிற நிறுவனம். அவர்கள் 2018 இறுதியில் வெளியிட்ட 1/48 ஸ்பிட்ஃபயர் மார்க் 1-இல் பட்டி டப்பாவைத் திறக்க வேண்டிய வேலையே அநேகமாக வராது. ஒட்டுகிற வேலையை அந்தக் கிட் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேனே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் இதே டமியா இதே அளவில் இதே ஸ்பிட்ஃபயர் மார்க் 1-ஐ 1990களிலும் செய்திருக்கிறது. பழைய பெட்டியின் எண் 61032, புதியது 61119. பழசும் மோசமில்லை, ஆனால் புதியதன் புகழைக் கேட்டுவிட்டுப் பழையதை வாங்கிவராதீர்கள்.

இன்னொன்று. டமியாவின் 1/72 வரிசையில் சில விமானங்கள் இத்தாலேரி என்ற இத்தாலிய நிறுவனத்தின் அச்சில் வார்த்தவை. பெட்டியில் எங்கோ சின்ன எழுத்தில் அந்தப் பெயர் இருக்கும். இப்படி ஒருவர் அச்சை இன்னொருவர் பெட்டியில் போடுவது இந்தத் துறையில் சகஜம், யாரும் அதை மோசடி என்று நினைப்பதில்லை. வாங்குவதற்கு முன் ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் கிட்டின் எண்ணைப் போட்டுப் பாருங்கள். அந்த அச்சு எந்த வருடம் பிறந்தது, எந்தெந்தப் பெட்டிகளில் சுற்றிவந்தது என்று கால வரிசையாகவே காட்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பதிப்புரிமை வருடத்தை நம்ப வேண்டாம், அது பெட்டியின் வயதாக இருக்கலாம்.

ஏர்ஃபிக்ஸ் என்றால் இரண்டு நிறுவனம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 2006-இல் ஹார்ன்பி நிறுவனத்தின் கைக்கு அது மாறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் புது அச்சுகள் வந்தன. அந்தப் புதிய 1/72 கிட்கள் செய்ய இனிமையானவை. பிளாஸ்டிக் கொஞ்சம் மென்மை, தகட்டுக் கோடுகள் கொஞ்சம் அகலம். சில வண்ணங்களும் தூரிகையும் பசையும் ஒரே பெட்டியில் தருகிற தொடக்கத் தொகுப்பும் உண்டு. மறுபடி பிடிக்குமா என்று சோதிப்பதற்கு அது போதும். கூட வருகிற தூரிகையை மட்டும் பசைக்கோ தூசி தட்டவோ வைத்துக்கொண்டு, நல்லது ஒன்று தனியாக வாங்குங்கள்.

செக் நாட்டு எட்வார்ட் இரண்டு விதமாக விற்கிறது, இங்கேதான் திரும்பி வருகிறவர் ஆசையில் விழுவார். 'ப்ரொஃபிபேக்' பெட்டியில் வண்ணமடித்த மெல்லிய உலோகத் தகடு, வெட்டிய மறைப்புத் தாள், பலவித டெக்கால் எல்லாம் இருக்கும். 'வீக்எண்ட்' பெட்டியில் பிளாஸ்டிக்கும் டெக்காலும்தான். இரண்டிலும் அடிப்படை அச்சு ஒன்றே. உலோகத் தகட்டுத் துண்டுகள் பிளாஸ்டிக் பசையில் ஒட்டாது, சூப்பர் க்ளூ வேண்டும். மயிரிழை அளவு துண்டு சாமணத்திலிருந்து தெறித்தால் தரையில் முழங்காலிட்டுத் தேடுவதோடு அன்றைய மாலை முடிந்தது. முதல் கிட்டுக்கு வீக்எண்ட் போதும். மிச்சமாகும் காசில் மறைப்புத் தாள் மட்டும் வாங்கலாம்.

அழுத்தினால் பொருந்துகிற, பசை வேண்டாத கிட்களும் உண்டு. பிள்ளையோடு சேர்ந்து உட்காருவதற்கு நல்லவை. தனியாக உட்காருகிறவருக்கு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஆக யாருக்கு எது? ஸ்ப்ரே டப்பா அடிக்க மாடியோ பால்கனியோ இருக்கிறது, ஏர்பிரஷ் இல்லை என்றால் 1/48 கடல் நீல ஹெல்கேட். டமியாவின் 1990களின் அச்சும் சரி, எட்வார்டும் சரி. தூரிகைதான், வீட்டுக்குள்தான் வேலை என்றால் ஸ்பிட்ஃபயர். கண் ஒத்துழைத்தால் ஏர்ஃபிக்ஸின் புது 1/72, இல்லாவிட்டால் டமியா 61119. அதோடு வாலெஹோ போன்ற, தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வண்ணம், மெல்லியதாக மூன்று நான்கு பூச்சு. டமியாவின் குப்பி அக்ரிலிக்கைத் தூரிகைக்கு வாங்காதீர்கள், இரண்டாம் பூச்சு முதல் பூச்சைக் கிளப்பிக்கொண்டு வரும். ஏர்பிரஷ் வாங்கியே தீருவது என்று முடிவுசெய்தவர் ஸீரோவிலிருந்து தொடங்கட்டும். அவ்வளவு பெரிய ஒற்றை நிறப் பரப்பில் கை நன்றாகப் பழகும்.

இரண்டாவது கிட்டை முதல் கிட்டோடு சேர்த்து வாங்காதீர்கள். முதல் கிட்டில் எந்த வேலை பிடித்தது, எது எரிச்சலாக இருந்தது என்று தெரிந்த பிறகு இரண்டாவதை எடுத்தால் அது வேறு பெட்டியாக இருக்கும். எனக்கு விமானி அறை வேலையைவிட வெளிப்புற வண்ணத்தைப் பழசாக்குகிற வேலைதான் பிடிக்கிறது என்பது ஹெல்கேட்டை முடித்தபோதுதான் தெரிந்தது. பசிபிக் வெயிலில் வெளிறிய நீலத்தையும், எஞ்சினுக்குப் பின்னால் வழிந்த எண்ணெய்க் கறையையும் கொண்டுவர மூன்று மாலை உட்கார்ந்தேன், ஒரு நிமிடம்கூட அலுக்கவில்லை. அந்த 1/32 பெட்டி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. போன மாதம் எடுத்து, செய்து முடித்த விமானி அறையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். இருக்கைப் பட்டையைத் தலைகீழாக ஒட்டியிருக்கிறேன்.